உதட்டுச் சாயத்தின் உண்மை நிறம்

நேரில் கண்டறியாத ஒருவர் தொலைதூரத்திலிருந்து ஒரு பெட்டி அனுப்புகிறார். உள்ளே 12 உதட்டுச் சாயக் குழல்களும், பஞ்சில் பொதிந்த 4 கண்ணாடிப் புட்டிகளும் இருக்கின்றன. "படமெடுத்து அனுப்புக, நேரில் வர இயலாது" என்று ஒரு குறிப்பு. நமது நண்பரொருவருக்கு இப்பொழுது இதுவே ஜீவனோபாயம். சென்ற வாரம் அவருடைய ஸ்டூடியோவில் அரை நாள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

அசையாத பொருளைப் படம் பிடிப்பதில் என்ன சிரமம் என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் கால் மணி நேரங்கூட நிலைக்கவில்லை. பளபளக்கும் மூடியில் காமிராவும் தெரிகிறது. நம் முகமும் தெரிகிறது! நண்பர் விளக்கின் முன் மெல்லிய வெள்ளைக் காகிதத்தைத் தொங்கவிட்டு ஒளியைப் பரப்பினார். புட்டியின் இரு பக்கமும் கறுப்பு அட்டைகளை நிறுத்தினார். அக்கறுப்பு கண்ணாடியின் ஓரத்தில் கோடாக விழுந்து புட்டிக்கு உருவம் கொடுத்தது. சாயக் குச்சியில் விரல் பட்டுவிட்டாலோ, வேறு குச்சிதான் எடுக்க வேண்டும்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். நிறந்தான் தர்மசங்கடம். பகல் வெளிச்சத்தில் ஒரு சிவப்பு, பழைய குமிழ் விளக்கின் மஞ்சள் ஒளியில் வேறொரு சிவப்பாகிவிடுகிறது. ஆகவே 24 நிறக் கட்டங்கள் உள்ள அட்டையொன்றை முதலில் படமெடுத்து, அதைக் கொண்டு மற்றப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கிறார். இவ்வகை அட்டை 1976-ம் வருஷத்தில் வந்தது. ஆனால் வாடிக்கைக்காரர் படத்தைப் பார்ப்பது தம் கைப்பேசியிலல்லவா? அதன் திரை காட்டியதே அவருக்கு நிறம்! "மங்கலாயிருக்கிறது, இன்னும் எடுப்பாக்குங்கள்" என்றார்.

"உங்களிடமுள்ள குழலை ஜன்னலோரம் வைத்துப் படத்துடன் ஒப்பிடுங்கள்" என்றார் நண்பர். அவரிடம் ஒரு குழலும் இல்லை, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார்!

கேட்டபடி எடுப்பாக்கிவிட்டால் அன்றைக்கே பணம் வந்துவிடும். நண்பர் இசையவில்லை. வாங்கப் போகும் பெண் குழலைப் பார்ப்பதில்லை. படத்தை நம்பித்தான் பணம் கட்டுகிறாள். மாநிறக் கையொன்றில் அச்சாயத்தைத் தீற்றி எடுத்த படமொன்றையும் அவர் சேர்த்திருந்தார். வெள்ளைக் காகிதத்தில் ரோஜாவாயிருந்தது கையில் செங்கல்லாயிருந்தது. வாடிக்கைக்காரர் நீக்கச் சொன்னது முதலில் அந்தப் படத்தைத்தான்.

நண்பரை அசட்டுப் பிடிவாதக்காரர் என்று நாம் நினைக்கவில்லை. 2011-ம் வருஷத்தில் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்புச் சபை, நடிகை ஜூலியா ராபர்ட்ஸின் படத்தோடு வந்த லாங்கோம் முகப்பூச்சு விளம்பரத்தைத் தடுத்தது. படத்தில் செய்த திருத்தங்கள் பூச்சின் பலனை மிகைப்படுத்தவில்லை என்பதற்குக் கம்பெனியார் போதிய அத்தாட்சி தரவில்லை. பெரிய கம்பெனிக்கு அது ஒரு விளம்பர நஷ்டம். சிறு வியாபாரிக்கோ, திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலும் கைநஷ்டம்.

நண்பர் தம் செலவிலேயே ஒரு குழலைக் கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது போய்ச் சேர்ந்து, ஜன்னலோரத்தில் ஒப்பிட்டுப் பார்த்துப் பதில் வரும் வரையில் பணமும் வராது. மற்றப் பதினொன்றும் மேஜைமேல் வரிசையாய் நிற்கின்றன.