வீடா, சத்திரமா?

மன்னார்குடியில் ஒரு நடுத்தரக் குடும்பம். கோவையில் மூன்றாம் ஆண்டு பொறியியல் பயிலும் மகன் மார்கழி விடுமுறைக்கு வந்திருந்தான். முதல் மூன்று நாட்கள் அவனுக்கு விருந்து. நான்காம் நாள் விசாரணை தொடங்கியது. தாய் விடியற்காலை நான்கரை மணிக்கு நீராடி, கோலமிட்டு, ராஜகோபால சுவாமி சந்நிதிக்குச் சென்று திரும்பிய பின்னும் மகன் எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்கு எழுபவன், இரவு எந்நேரம் வீடு திரும்புவான் என்பதும் தெரியாது.

"இது வீடா, சத்திரமா?" என்றார் தந்தை.

"விடுதியில் என்னை யாரும் இப்படிக் கேட்பதில்லை" என்றான் மகன். அன்றே, ஒரு வாரம் முன்னதாகத் திரும்பிச் செல்லப் பயணச்சீட்டும் பதிவு செய்துவிட்டான்.

அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் தண்ணீர் அருந்தச் சென்றவன் சமையலறை வாயிலில் நின்றான். தாயின் வீங்கிய முழங்காலுக்குத் தந்தை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்த வலி அது. "ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று தாழ்ந்த குரலில் கூறிக்கொண்டிருந்தாள் தாய்.

மறுநாள் விடியற்காலை, கோயிலுக்குப் புறப்பட்ட தாய் திண்ணையில் மகனைக் கண்டாள். நீராடி, திருமண் இட்டுக் காத்திருந்தான். வழிநெடுகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தான். தரிசனம் முடிந்து, ஹரித்ரா நதித் தெப்பக்குளக் கரையில் மூவரும் அமர்ந்தனர்.

"விழுந்ததை ஏன் அம்மா சொல்லவில்லை?"

"உனக்குப் பரீட்சை சமயம், தம்பி. மனம் கலங்கிவிடும் என்று நினைத்தோம்."

மகன் சற்று நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சென்ற பருவத்தில் ஒரு பாடத்தில் தான் தவறியதையும், அதை மீண்டும் எழுதியும் தேறுமோ என்ற கவலையில் இரவுகளில் உறக்கமின்றித் தவிப்பதையும் கூறினான். தந்தை கோபிக்கவில்லை. "தேறாவிட்டால் இன்னொரு முறை எழுதிக்கொள்ளலாம். இதை நீ தனியாகச் சுமந்ததுதான் எனக்கு வருத்தம்" என்றார்.

மகனின் சோம்பலாகத் தோன்றியது கவலை; தந்தையின் கடுமையாகத் தோன்றியதும் கவலையே. ஒருவரையொருவர் வருத்தக்கூடாதென்று மறைத்த அன்புதான் அவ்வீட்டில் சினமாக வெளிப்பட்டது.

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், வேதம் பயின்று முடித்த மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரை உண்டு. தாய், தந்தை, ஆசிரியர், விருந்தினர் ஆகிய நால்வரையும் தெய்வமாகக் கொள்ளுமாறு பணிக்கும் ஆசிரியர், தம்மிடத்துள்ள நல்லொழுக்கங்களை மட்டுமே பின்பற்றுமாறும், மற்றவற்றை விட்டுவிடுமாறும் கூறுகிறார். தம்மிடமும் குறை இருக்கலாம் என்று மாணவனிடமே ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அது. பெற்றோர்க்கும் அப்பெருந்தன்மை அழகு.

விடுமுறைக்கு வரும் பிள்ளை பாதி மகன், பாதி விருந்தினன். விருந்தினரை நாம் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அந்த மரியாதையில் சிறிதளவு பிள்ளைக்கும் உரியது. ஆனால், பிள்ளை தன்னை விருந்தினனாகவே எண்ணிக்கொண்டால் வீடு சத்திரமாகிவிடும். வெளியே செல்கையில் ஒரு சொல், நேரமானால் ஒரு தொலைபேசி அழைப்பு, நாளுக்கு ஒரு வீட்டு வேலை, ஒருவேளை உணவேனும் எல்லோருடனும் சேர்ந்து உண்பது: இவை போதும். பெற்றோரும், வளர்ந்த பிள்ளையிடம் வீட்டின் நோயையும் கடனையும் மறைக்காமல் சொல்லலாம். பொறுப்பு தெரிந்தால்தானே பொறுப்பு வரும்?

நான்காண்டுப் படிப்பில் எட்டுப் பருவங்கள். அவற்றினிடையே ஏழே விடுமுறைகள். அதன்பின் வேலை, வேற்றூர், தனிக்குடித்தனம். அந்த மகனுக்கு அது ஐந்தாவது விடுமுறை. கணக்கு அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். முன்னதாகச் செல்லவிருந்த பயணச்சீட்டை அன்று மாலையே ரத்து செய்தான். மார்கழியில் அவன் ஊரில் இருந்த நாள்வரை, விடியற்காலையில் அவ்வீட்டிலிருந்து மூவரும் சேர்ந்தே சந்நிதிக்குச் சென்றனர்.