தேனுக்கு வந்த சட்டம் தேயிலைக்கு ஏன் வரவில்லை?



ஐரோப்பிய ஒன்றியம் 2024 மே மாதம் தேன் போத்தலைப் பற்றி ஒரு சட்டம் செய்தது. பல நாட்டுத் தேனைக் கலந்து விற்கிறவர்கள், அதில் எந்தெந்த நாட்டுத் தேன் எத்தனை வீதம் இருக்கிறது என்று லேபலில் எழுத வேண்டும். 2026 ஜூன் 14 முதல் அது கட்டாயம். அதற்கு முன்னர் "ஐரோப்பிய ஒன்றியத் தேனும் பிற நாட்டுத் தேனும் கலந்தது" என்று ஒற்றை வரி போட்டாலே போதுமாக இருந்தது.

தேயிலைக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கே உணவு லேபலுக்கான பொதுச் சட்டம் 2011இல் வந்தது. தேயிலை போன்ற பொருளுக்கு, நாட்டின் பெயரைப் போடாவிட்டால் வாங்குகிறவர் ஏமாந்துபோவார் என்ற நிலை இருந்தால்தான் அதைப் போட வேண்டும் என்கிறது அது. ஆகவே டிக்கோயாவில் பறித்த கொழுந்தும், கென்யாவிலும் அசாமிலும் பறித்த கொழுந்தும் ஒரே பைக்குள் கலந்து, ஒரு கம்பனியின் பெயரோடு கடைக்குப் போகலாம். எங்கே விளைந்தது என்று ஒரு சொல்லும் தேவையில்லை.

"டீச்சர், சம்பளத்தப் பேசுறத விட்டுட்டு வெள்ளைக்காரன் ஊரு லேபல் நமக்கு எதுக்கு?" இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். சம்பளத்துக்காகத்தான் இதையும் பேசுகிறேன்.

2024ஆம் ஆண்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வேறொரு வர்த்தமானி வந்தது. அந்த மாதங்களில் நாம் துரையிடம் கேட்டோம், கம்பனியிடம் கேட்டோம், கொழும்பிடம் கேட்டோம். நம் தேயிலையை வாங்கிக் கலந்து தன் பெயரைப் போட்டு விற்கிற வெளிநாட்டு பிராண்டிடம் கேட்க நம்மிடம் முகவரிகூட இல்லை. நம் மலைக் கொழுந்து எந்த பிராண்டின் பைக்குள் போகிறது என்று பெரும்பாலான தோட்டங்களில் யாருக்கும் தெரியாது. குடிக்கிறவருக்கும் அது எந்த மலை என்று தெரியாது. இரண்டு பக்கமும் தெரியாமல் இருப்பதில் நடுவில் இருக்கிறவருக்குத்தான் லாபம்.

கலக்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. பருவத்துக்குப் பருவம் தேயிலையின் ருசியும் விலையும் மாறும், அதற்கேற்ப கலவையும் மாறும், ஒவ்வொரு முறையும் லேபலை மாற்ற முடியாது என்பார்கள். கலவை மாறுவது உண்மை. ஆனால் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒவ்வொருவர் பேருக்கும் எதிரே கிலோ எழுதப்படுகிறது. அந்தக் கணக்கில் ஒரு கிலோ குறைந்தாலும் அன்றைக்கு நடக்கிற சண்டை நமக்குத் தெரியும். ஸ்டோரில் அரைத்துச் சலித்து பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தரம் பிரித்து நிரப்பும் ஒவ்வொரு சாக்கிலும் தோட்டத்தின் மார்க் விழுகிறது. கொழும்பு ஏலத்துக்கான பட்டியலில் அந்த மார்க், தரம், எத்தனை கிலோ என்று எல்லாம் அச்சாகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியபோதும் தோட்டத்தின் பெயர் இல்லாமல் ஒரு கிலோவும் விற்கப்படவில்லை. வாங்குகிறவர் அந்தப் பெயருக்குத்தான் விலை சொல்கிறார். இவ்வளவு தூரம் பத்திரமாக வந்த பெயர், கலக்குகிற இயந்திரத்துக்குள் போனதும் காணாமற்போகிறது. பெயரைத் தொலைக்கிற அந்த இடத்துக்கு மட்டும் சட்டம் இல்லை.

சட்டம் எப்படி உண்டாகிறது, எப்படி உண்டாகாமல் போகிறது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் பெரிய கிளாக்கரைப் பிடி, துரையிடம் ஆள் விடு என்பார்கள். பிரசல்ஸ் நகரத்தில் அது ஒரு தொழில். அதற்கு லொபி என்று பெயர். அங்கே சட்ட வரைவை எழுதுவது ஐரோப்பிய ஆணைக்குழு. அதைத் திருத்தி நிறைவேற்றுவது ஐரோப்பிய பாராளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்களும். இந்த மூன்று வாசலிலும் கம்பனிகளின் ஆட்களும் விவசாயச் சங்கங்களின் ஆட்களும் நுகர்வோர் அமைப்புகளும் நிற்கிறார்கள். ஆணைக்குழுவும் பாராளுமன்றமும் சேர்ந்து 2011இல் தொடங்கிய பதிவேட்டில் 12,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. ஆணையாளர்கள் யாரைச் சந்தித்தார்கள் என்பதையும் 2014 முடிவிலிருந்து வெளியிடுகிறார்கள். மறைவாக நடப்பதும் உண்டு, ஆனாலும் நம் ஊரைவிட வெளிச்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காசு எவ்வளவு பேசும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உணவுப் பொதியின் முன்பக்கம் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் அடையாளம் போட வேண்டும் என்ற யோசனை 2010 ஜூன் மாதம் ஐரோப்பிய பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றுப்போனது. அந்த யோசனையைத் தடுத்துத் தமக்கு வசதியான வேறு லேபலைக் கொண்டுவர உணவுக் கம்பனிகள் 100 கோடி யூரோ வரை செலவழித்ததாக, கார்ப்பரேட் யூரோப் ஒப்சர்வேட்டரி என்ற கண்காணிப்பு அமைப்பு அப்போது எழுதியது. பிறகு பிரான்ஸ் 2017இல் நியூட்ரி-ஸ்கோர் என்ற நிற எழுத்து லேபலைக் கொண்டுவந்தது. விரும்பிய கம்பனி போடலாம், கட்டாயம் இல்லை. ஐரோப்பா முழுவதற்கும் கட்டாயமாக ஒரே லேபலுக்கான வரைவை 2022 முடிவதற்குள் தருவோம் என்று ஆணைக்குழு சொன்னது. இத்தாலி கடுமையாக எதிர்த்தது. எங்கள் ஒலிவ் எண்ணெய்க்கும் சீஸுக்கும் கெட்ட பெயர் வரும் என்றார்கள். வரைவு வரவேயில்லை.

அந்த நிற அடையாளம் உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சோடா போத்தலில் இருக்கும் வட்டம்தான் அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் மஞ்சள். இலங்கை அதை 2016இல் சட்டமாக்கியது. 2019இல் மற்ற உணவுப் பொதிகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று விரித்தது. பணக்கார ஐரோப்பா கட்டாயமாக்க முடியாமல் விட்டதை நம் நாடு செய்திருக்கிறது. நம் நாட்டைப் பற்றி நல்லதாக எழுத அடிக்கடி வாய்ப்புக் கிடைப்பதில்லை, அதனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

இனி தேனுக்கு வருவோம். தேனீ வளர்ப்பவர்களிடம் 100 கோடி யூரோ இல்லை. சங்கம் இருந்தது. மலிவான கலப்படத் தேன் வந்து தங்கள் விலையை அடிக்கிறது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2023 மார்ச்சில் ஆணைக்குழுவே ஓர் ஆய்வை வெளியிட்டது. இறக்குமதித் தேனில் எடுத்த 320 மாதிரிகளில் 147 சந்தேகத்துக்குரியவை, அதாவது நூற்றுக்கு 46. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகத் தட்டினார்கள். ஆணைக்குழுவின் முதல் வரைவில் நாடுகளின் பெயர் மட்டும்தான் இருந்தது. எத்தனை வீதம் என்பதையும் போட வேண்டும் என்று பாராளுமன்றத்தில் அழுத்தம் கொடுத்துச் சேர்க்க வைத்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கலவையில் பாதிக்கு மேல் நான்கு நாட்டுத் தேன் என்றால் அந்த நான்கின் வீதத்தை மட்டும் காட்டினால் போதும் என்று விட ஒவ்வொரு நாட்டு அரசுக்கும் அனுமதி உண்டு. இருந்தாலும் லேபல் மாறிவிட்டது.

தேயிலையிலும் ஒருவர் அந்த வாசலுக்குப் போயிருக்கிறார். இந்தியத் தேயிலைச் சபை டார்ஜிலிங் என்ற பெயரைக் காப்பாற்றித் தரும்படி 2007இல் விண்ணப்பம் போட்டது. 2011 ஒக்டோபரில் பெயர் பதிவானது. ஆனால் ஐரோப்பிய வியாபாரிகளின் ஆட்சேபணையால், வேறு தேயிலை கலந்த பொதியையும் டார்ஜிலிங் என்றே விற்க மேலும் ஐந்து வருடம் அவகாசம் கொடுத்தார்கள். நம் நாட்டுப் பொருள்களில் சிலோன் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் அதே பாதுகாப்புக் கிடைத்தது. இவை பெயருக்கான பாதுகாப்பு. பறிக்கிறவரின் சம்பளம் பற்றி அதில் எதுவும் வராது, ஏனென்றால் விண்ணப்பம் போட்ட மேசையில் பறிக்கிறவர் உட்காரவில்லை.

உள்நாட்டிலும் இதே கதைதான். வெளிநாட்டுத் தேயிலையைக் கொண்டுவந்து இங்கே கலந்து ஏற்றுமதி செய்ய வழி திறந்துவிடுங்கள் என்று ஏற்றுமதியாளர் பக்கம் பல காலமாகக் கேட்கிறது. தோட்டக் கம்பனிகளும் சிறு தோட்டக்காரர்களும் கூடாது என்கிறார்கள். டில்மாவைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோவும் அதைக் கடுமையாக எதிர்த்தவர். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து இலங்கையிலேயே பொதி செய்ததற்குத்தான் கிடைக்கும். இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் பத்திரிகையில் எழுதுகிறது, அமைச்சரைச் சந்திக்கிறது. கலப்புத் தேயிலை வந்தால் நம் கொழுந்தின் விலை என்னாகும், நம் வேலைநாள் என்னாகும் என்று கேட்க நம்மையும் கூப்பிட வேண்டும் என்று எந்தப் பக்கத்துக்கும் தோன்றுவதில்லை.

பக்கற்றில் இருக்கும் பச்சை முத்திரைகளையும் சொல்ல வேண்டும். 2026 செப்டெம்பர் 27 முதல் ஐரோப்பாவில் கம்பனி தானே உண்டாக்கிய சுற்றுச்சூழல், சமூக முத்திரைகளைப் போட முடியாது. அரசு வைத்ததாகவோ, வெளியார் பரிசோதித்துச் சான்று தருவதாகவோ இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் பரிசோதகர் வருகிற வாரத்தில் லயத்துப் பக்கம் சுண்ணாம்பு அடிப்பதையும், அவர் யாரிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஆள் தெரிவு செய்வதையும் பார்த்தவர்கள் நாம். தேயிலையில் எவ்வளவு மருந்து மிச்சம் இருக்கிறது என்று ஐரோப்பா கிராமுக்குக் கீழே இறங்கி அளக்கிறது. மருந்து டேங்கை முதுகில் சுமப்பவரின் கைக்கு உறை இருந்ததா என்று லேபல் சட்டம் கேட்காது.

நாடு பெயர் வந்துவிட்டால் சம்பளம் கூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் என்கிறேன். பிரிட்டனில் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. "என் தேயிலையைப் பறித்தது யார்?" என்று அசாம் தொழிலாளருக்காக 2018இல் ட்ரெய்ட்கிராஃப்ட் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு ஓர் இயக்கம் நடத்தியது. அதன் பிறகு யோர்க்ஷயர் டீ, ட்வைனிங்ஸ், டெட்லி போன்ற பெரிய பெயர்கள் தாங்கள் வாங்கும் தோட்டங்களின் பட்டியலை வெளியிட்டன. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, தேநீர் குடிக்கிறவர்கள் கேட்டார்கள். பட்டியல் வந்தால் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையின்போது அதை எடுத்துக்கொண்டு நாம் கடிதம் எழுதலாம்.

பிரசல்ஸ் போக நமக்கு விமானச் சீட்டும் தேவையில்லை. ஆணைக்குழு புதிய சட்டம் கொண்டுவருமுன் இணையத்தில் கருத்துக் கேட்கிறது. வெளிநாட்டவரும் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைக் கண்காணிக்க வரும் ஐரோப்பியக் குழுக்கள் தொழிற்சங்கங்களைச் சந்திக்கின்றன. இதுவரை அந்தச் சந்திப்புக்கு நாம் சம்பளமும் வீடும் காணியும் கொண்டுபோனோம். இனி தேன் சட்டத்தின் பிரதியையும் கொண்டுபோக வேண்டும். தேயிலைக்கும் நாடும் வீதமும் எழுதுங்கள், வாங்கும் தோட்டங்களின் பட்டியலை பிராண்டுகள் வெளியிட வேண்டும் என்று சட்டத்தில் போடுங்கள் என்று கேட்க வேண்டும். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்டால் இன்னும் நல்லது. தேர்தல் காலச் சண்டையைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்தால் முடியாத காரியம் இல்லை.

கிளைத் தலைவர்களும் தலைவிமாரும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஸ்டோரில் சாக்கில் விழும் மார்க்குகள் என்னென்ன, எந்தத் தரம் போகிறது, லொறியில் எந்த புரோக்கர் கம்பனியின் பெயர் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டோரில் வேலை செய்கிற தோழர்களைக் கேட்டால் தெரியும். ஆங்கிலத்தில் எழுதித்தர உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் போதும், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.