இரவு எட்டு மணிக்குப் பின் யார் பதில் சொல்வது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண் தொழிலாளியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். வாடகை வீடு, ஒரே அறை. எண்பது வயது மாமியார் வாசற்கதவைப் பிடித்து உலுக்கிக் கொண்டிருக்கிறார். "எங்கம்மா காத்துட்டிருப்பா, நான் ஊட்டுக்குப் போகோணும்" என்கிறார். அந்த அம்மா இறந்து நாற்பது வருஷமாகிறது. மருமகள் உண்மையைச் சொல்கிறாள். மூதாட்டியோ அச்செய்தியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவர் போல மாரடித்து அழுகிறார். அரைமணி கழித்து மீண்டும் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. காலை எட்டரைக்கு மருமகள் மறுபடியும் மிஷினில் உட்கார வேண்டும்.

இது பைத்தியமும் அல்ல, பூர்வஜென்ம வினையும் அல்ல. மூளை சிதைவதால் வரும் நோய். டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அதில் பெரும்பங்கு அல்சைமர் நோய். 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. நகரங்களில் 5.3 சதவிகிதம், கிராமங்களில் 8.4 சதவிகிதம். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. இது பங்களாவாசிகளின் வியாதி என்று எண்ணுவோர் இக்கணக்கை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அந்த இரவில் அந்த மருமகளுக்கு என்ன தேவை? இந்நோயைக் குணமாக்கும் மாத்திரை இன்றுவரை கிடையாது. அவளுக்கு வேண்டியது விஷயம் தெரிந்த ஒரு குரல். "அவங்க அம்மா செத்துட்டாங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க. அம்மா என்ன குழம்பு வைப்பாங்கன்னு கேளுங்க, பேச்சு அந்தப் பக்கம் போகும்" என்று சொல்ல ஓர் ஆள். இதைவிட முக்கியமான சங்கதியும் உண்டு. நேற்றுவரை சாதுவாக இருந்தவர் இரண்டே நாளில் அடியோடு ஆள் மாறிப் பிதற்றினால், அது பழைய நோய் முற்றியது என்று விட்டுவிடக் கூடாது. மூத்திரத்தில் கிருமித் தொற்று, உடம்பில் நீர் வற்றிப் போனது, புதிதாகக் கொடுத்த மாத்திரை என்று ஏதேனும் காரணமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை யாரும் சொல்லாததால் "வயசான கிறுக்கு" என்று கதவைச் சாத்திவிடுகிற வீடுகள் எத்தனை!

டெலிபோனில் சொல்லி என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கலிபோர்னியாவிலும், நெப்ராஸ்கா, அயோவா ராஜ்யங்களிலும் 780 குடும்பங்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 512 குடும்பங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஓர் ஊழியரை நியமித்தார்கள். அவர்கள் டாக்டர்களோ நர்சுகளோ அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நர்சும், சமூக சேவகரும், மருந்தாளுநரும் இருந்தனர். குடும்பம் கூப்பிடட்டும் என்று காத்திராமல் ஊழியரே கூப்பிட்டார். இங்கிலீஷ், ஸ்பானிஷ், காண்டனீஸ் என்று அவரவர் பாஷையில் பேசினார். 2019ல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷத்தில், கவனித்துக் கொள்வோரின் மனச்சோர்வும் பாரமும் குறைந்தன. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவதும் குறைந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை போடுவது மட்டும் குறையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். வைத்தியத்தைச் சரக்காக்கி விற்கும் அந்த நாட்டிலேயே 2024 ஜூலை முதல், வயோதிகருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸின் கீழ் இந்நோய்க்கென ஒரு திட்டம் தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் குடும்பத்தாருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021ல் முதியோருக்காக 14567 என்ற எண் வந்தது. மனநலத்துக்கென்று 2022 அக்டோபரில் 14416 வந்தது. அதில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். நல்ல காரியங்கள்தான், வாசகர்கள் குறித்து வைத்துக் கொள்ளவும். ஆனால் முதியோருக்கான எண் காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான். இந்நோயின் குணமோ, பொழுது சாயச் சாயக் குழப்பமும் கலவரமும் கூடுவது! நமது பனியன் தொழிலாளி வீடு வந்து சேருமுன் அந்த எண் கடையைக் கட்டிவிடுகிறது. இரவில் திறந்திருக்கும் மற்ற எண்ணோ எல்லா மனத்துயருக்கும் பொதுவானது. ஒரு குடும்பத்தின் கதையை அறிந்த ஒரே ஊழியர், தாமே திரும்பக் கூப்பிடும் ஏற்பாடுதான் அமெரிக்கச் சோதனையில் பலித்தது. அறிமுகமில்லாத குரலிடம் ஒவ்வொரு தடவையும் ஆதியோடந்தமாகச் சொல்லி அழ யாருக்குத் தெம்பு இருக்கும்?

இதற்கு மேல்தட்டுக் கனவான்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. பெற்றோரைப் பேணுவது நமது பண்பாடாம், குடும்பத்தின் கடமையாம். யாருடைய கடமை? இந்நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் சுமார் 70 சதவிகிதம் பெண்களின் உழைப்பு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 2019ல் இந்நோயால் உலகத்துக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் பாதி, வீட்டார் கூலியின்றிச் செய்த வேலையின் மதிப்பு. பண்பாட்டின் பேரால் மருமகளிடமும் மகளிடமும் வசூலிக்கப்படும் வரி இது. அதற்கு ரசீதுகூடக் கிடையாது.

இன்னோர் அபாயமும் உண்டு. நாளைக்கே டெலிபோன் ஊழியம் வேண்டும் என்று கேட்டால், வீடு வீடாகச் செல்லும் ஆஷாக்கள் தலையிலும், மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் தலையிலும் இதையும் சுமத்திவிடுவார்கள். ஏற்கெனவே அவர்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை என்ற சில்லறை. ஒரு பக்கம் கூலியில்லாப் பெண், மறு பக்கம் அரைக்கூலிப் பெண், நடுவே ஒரு டெலிபோன் கம்பி! ஜில்லாதோறும் நிரந்தரச் சம்பளத்தில், இரவு ஷிப்டோடு, ஆளுக்கு இத்தனை குடும்பம் என்ற வரையறையோடு ஊழியர்களை நியமிக்க வேண்டும்.

அப்படியே அமைந்தாலும் டெலிபோன் மூதாட்டியைக் குளிப்பாட்டாது, பகலில் கூட உட்காராது. பகல் நேரப் பராமரிப்பு நிலையம் ஏழைத் தொழிலாளிக்கு எட்டும் இடத்தில் இல்லை. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை ஏழை முதியவருக்கு மத்திய சர்க்கார் தரும் பென்ஷன் பங்கு மாதம் 200 ரூபாய், எண்பதுக்கு மேல் 500. ஒரு பொட்டலம் டயாபர் வாங்கிப் பார்க்கட்டும் மந்திரிகள்.

பனியன் தொழிலாளியின் கூலியில் 0.75 சதவிகிதத்தை மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறது. அவள் நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை எழுபது சதவிகிதச் சம்பளம் உண்டு. மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போக ஒரு நாள்கூடக் கிடையாது. அன்றைய கூலி போயிற்று. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது, பஞ்சப்படிக்குப் பக்கத்தில் இந்த ஒரு நாளையும் எழுதிக்கொண்டு போகும்படி திருப்பூர் சங்கத் தோழர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.