இழுக்கும் எண்ணும் தாங்கும் எண்ணும்

அமெரிக்கச் சாலைகளில் நடுத்தர பிக்கப் வகையில் அடங்கும் வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரலே கொலராடோ, நிசான் ஃபிரான்டியர், ஜீப் கிளாடியேட்டர், ஹோண்டா ரிட்ஜ்லைன் என்று அரை டஜன். இவற்றின் பின்னால் பூட்டி இழுக்க ஏற்றது, படுக்கையும் அடுப்பும் சிறு கழிப்பறையும் கொண்ட, நான்கிலிருந்து ஆறு மீட்டர் நீளமுள்ள பயண டிரெய்லர். அந்த வகையில் இரண்டு மரபுகள் நிலைத்து நிற்கின்றன. ஒன்று ஒஹாயோ மாநிலத்தில் தயாராகும் ஏர்ஸ்ட்ரீம் பாம்பி போன்ற அலுமினிய உடல். மற்றது கண்ணாடியிழையில் வார்த்த முட்டை வடிவம். 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ உருவாக்கிய போலர் என்னும் டிரெய்லர் இரண்டாம் வகைக்கு முன்னோடி. அவர் அதற்கு முன்பு அதே கண்ணாடியிழையில் கழிவுநீர்த் தொட்டி செய்தவர். எடை குறைந்த, கசியாத கூடு எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்கு அங்கிருந்தே தெரிந்திருந்தது.

பிக்கப் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இழுதிறன். ரிட்ஜ்லைனுக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. கொலராடோவுக்கு 7,700 பவுண்டு, சுமார் 3,490 கிலோ. மற்றவை பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது. இப்போது பெரும்பாலானவை ஜே2807 என்ற பொது விதிமுறையின்படி சோதிக்கின்றன. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியை ஒட்டிய டேவிஸ் அணை ஏற்றம் அந்தச் சோதனையின் முக்கியக் கட்டம். ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளும் அந்த மலைச்சாலையில், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் வண்டி ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்போது வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுபவர்கள் ஆளுக்கு 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, நாய் இல்லை, சைக்கிள் இல்லை. விடுமுறைக்குக் கிளம்பும் எந்தக் குடும்பமும் அப்படிக் கிளம்புவதில்லை.

உண்மையான வரம்பு விளம்பரத்தில் இருக்காது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையிட்ட ஒரு சிறு ஒட்டுத்தாள் தெரியும். ஆட்களும் சரக்குமாகச் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அது சொல்லும். இதுவே வண்டியின் சுமைதிறன். ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி இது மாறும். தோல் இருக்கையும் கூரைச் சாளரமும் நான்கு சக்கர இயக்கமும் சேரச் சேர, சுமக்கக் கூடியது அந்த அளவுக்குக் குறையும். விலை உயர்ந்த மாடல் குறைவாகச் சுமக்கும் என்பது கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்லும் செய்தியல்ல.

இந்த எண்ணுக்கும் டிரெய்லருக்கும் உள்ள தொடர்பு இழுவைக் கொக்கியில் இருக்கிறது. டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. ஒரு பங்கு முன்பாரமாகக் கொக்கிப் பந்தின் மீது, அதாவது பிக்கப்பின் பின்புறத்தில், இறங்குகிறது. அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒட்டுத்தாளில் 600 கிலோ என்று இருக்கட்டும், விளம்பரம் 3,000 கிலோ இழுக்கும் என்று சொல்லட்டும். சாமான் ஏற்றிய டிரெய்லரின் எடை 2,000 கிலோ என்றால் 13 விழுக்காட்டில் முன்பாரம் 260 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேருக்கு 300 கிலோ. மீதி 40 கிலோ. எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கியமைப்பின் இரும்பே ஏறத்தாழ அதைத் தின்றுவிடும். ஜெனரேட்டருக்கும் ஐஸ் பெட்டிக்கும் விறகுக்கும் இடமில்லை. இழுதிறனில் இன்னும் 1,000 கிலோ பாக்கி இருக்கும்போதே வண்டி நிரம்பிவிட்டது.

டிரெய்லர் விற்பவர்கள் சொல்லும் காலி எடையும் இதே போல ஏமாற்றக்கூடியது. பேட்டரி, எரிவாயு உருளை, பாத்திரம், படுக்கை விரிப்பு, 100 லிட்டர் தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஏறுகின்றன. தண்ணீர் மட்டுமே 100 கிலோ. ஆகவே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது காலி எடையை அல்ல, டிரெய்லருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையை. 16 அடி பாம்பிக்கு அது 3,500 பவுண்டு, சுமார் 1,590 கிலோ. நடுத்தர பிக்கப்புக்கு நெருக்கடியில்லாமல் பொருந்துவது இந்த அளவுதான்.

சுமை மிஞ்சுகிறதே என்று முன்பாரத்தைக் குறைக்க நினைப்பது பெரிய தவறு. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்தில் கயிறு இறுகும். அங்கே வண்டி நின்றுவிடும். டிரெய்லரோ நிற்காது, 100 கிலோமீட்டர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். பக்கத்தில் ஒரு லாரி கடந்து போனால் போதும், அல்லது இறக்கத்தில் வேகம் சற்றுக் கூடினால் போதும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் பிக்கப்பின் பின்சக்கரங்களையே பக்கவாட்டில் தள்ளிவிடும். பின்னால் சைக்கிள் தாங்கியை மாட்டுவதும், பின்பக்க அலமாரியில் கனமான சாமானை அடுக்குவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். சாமானில் ஏறத்தாழ 60 விழுக்காடு அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்.

அதற்கு டிரெய்லரில் தனி பிரேக் வேண்டும், ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். சிறு டிரெய்லர்களில் இருப்பவை பெரும்பாலும் மின்காந்தத்தால் இயங்கும் டிரம் பிரேக்குகள். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே அந்தக் கட்டாயம் தொடங்குகிறது. கொக்கி கழன்றால் தானாக பிரேக் பிடிக்கவைக்கும் அறுபடு சுவிட்சும், குறுக்காகப் பூட்டிய இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் இந்த ஏற்பாட்டின் மிச்சம். எடைப் பகிர்வுக் கொக்கியின் வேலை வேறு. முன்பாரம் பின்பக்கத்தை அமுக்கும்போது முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் பிடிமானம் குறையும். இந்தக் கொக்கியின் வில்கம்பிகள் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும். சுமைதிறனை அது கூட்டுவதில்லை, பலர் கூட்டுவதாக நம்பினாலும்.

ஏற்றத்தில் படுத்துவது எடை, சமதளத்தில் படுத்துவது காற்று. பிக்கப்பின் கூரைக்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்து நிற்கும் சதுர முகம் கொண்ட டிரெய்லர், அதைவிடக் கனமான ஆனால் தாழ்வான படகைக் காட்டிலும் அதிக பெட்ரோல் குடிக்கும். தனியாக ஓடும்போது லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் தரும் வண்டி, டிரெய்லருடன் நான்கைந்துக்கு இறங்குவது சாதாரணம். 90இலிருந்து 110 கிலோமீட்டருக்கு வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு 55 மைல்தான், அதாவது 88 கிலோமீட்டர்தான், சட்ட வரம்பு. டிரெய்லர் டயர்கள் பலவும் 65 மைலுக்கு மேற்பட்ட வேகத்துக்குச் செய்யப்படுவதில்லை.

மலையில் உயரம் தன் பங்குக்கு இன்ஜினின் பலத்தைக் குறைக்கும். கொலராடோ மாநிலத்தின் ஐசனோவர் சுரங்கப் பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே டர்போ இல்லாத இன்ஜினின் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டகோமா 2024 மாடலில் 3.5 லிட்டர் வி6ஐக் கைவிட்டு 2.4 லிட்டர் டர்போவுக்கு மாறியதை முணுமுணுத்த பழைய ரசிகர்கள், இந்த ஏற்றத்தில் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பின்னால் எடுப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்தால், கை நகரும் பக்கமே டிரெய்லரும் நகரும். நீளமான டிரெய்லரைவிடக் குட்டையானது சட்டென்று மடங்கிக்கொள்ளும் என்பதால் நிதானம் தேவை.

கணக்கெல்லாம் சரியா என்று தெரிந்துகொள்ள நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் இருக்கின்றன. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு ஆகிய மூன்றின் எடையும் தனித்தனியாக ஒரே சீட்டில் அச்சாகி வரும். குடும்பத்தோடு, நிறைந்த பெட்ரோல் டாங்கோடு, எல்லாச் சாமானோடும் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் நிறுத்தினால், இரு சீட்டுகளிலும் பிக்கப்பின் அச்சுகளில் காணும் வித்தியாசம் கொக்கி வழியாக அதன் மேல் இறங்கும் பாரம். எடைப் பகிர்வுக் கம்பிகள் பூட்டியிருந்தால், முன்பாரத்தை அறிய அவற்றைத் தளர்த்திவிட்டு எடை போட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுதான். முதல் நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.