பூங்காவும் வேண்டும், பாதையும் வேண்டும்!

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் கதை நம் வாசகர்கள் அறிந்ததே. 1945-ம் ஆண்டில் சுமார் 160 ஏக்கர் சர்க்கார் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பந்தய கிளப்புக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம்! சென்னையில் ஒரு தொழிலாளி ஒரே ஓர் அறைக்கு மாதா மாதம் எண்ணி வைக்கிற வாடகை இன்று அதைவிடப் பல மடங்கு. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்று கணக்கிட்ட ராஜ்ய சர்க்கார், 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்பதாகவும் அறிவித்தது. கிளப் கோர்ட்டுக்குப் போயிற்று.

கனவான்கள் பணம் கட்டிக் குதிரை ஓட்டிய இடத்தில் ஜனங்களுக்குப் பூங்கா வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எப்படிப்பட்ட பூங்கா? யாருக்குப் பூங்கா? இதைத்தான் தொழிலாளி வர்க்கம் இப்போதே கேட்க வேண்டும். கட்டி முடித்து ரிப்பன் வெட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நகரத்தில் பூங்கா என்று பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். நடக்கப் பாதை, ஓடப் பாதை, சைக்கிளுக்குப் பாதை, சுற்றிலும் விளக்கு, நடுவில் சிற்றுண்டிச்சாலை எல்லாம் வேண்டும் என்பது ஒரு குரல். மனிதன் கால் பட்டால் இயற்கை கெடும், ஆகவே வேலி போட்டுக் கதவைப் பூட்டு என்பது மற்றொரு குரல். இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நாள் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் குழந்தையைக் கைப்பிடித்து வருகிறவனைப் பற்றி இரண்டுமே பேசுவதில்லை.

"பொழுது விடிந்தால் அடையும் வரை வயலில் நடக்கிற எங்களுக்கு நடைபாதை எதற்கு?" என்று விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்கலாம். "எட்டு மணி நேரம் தறிக்கு முன்னால் நிற்கிற கால் இன்னும் நடக்கவா?" என்று மில் தோழர் கேட்கலாம். எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் போராடியபோது, எஞ்சிய நேரத்தில் ஓய்வையும் மனிதனாக வாழும் உரிமையையும் சேர்த்தே கேட்டார்கள். பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நெஞ்சுக்குக் காற்று வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் வளரும் குழந்தைக்கு ஓட இடம் வேண்டும். பணக்காரன் வீட்டில் தோட்டம் உண்டு. கோடையில் போய்த் தங்க மலை உண்டு. நமக்கு உள்ளது பொது இடம் ஒன்றுதான். 1923 மே முதல் நாளன்று தோழர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையின் பொது மணலில்தான்.

காலும் கெடுக்கும்

உண்மையை மறைக்க வேண்டாம். நம் காலும் மண்ணைக் கெடுக்கக் கூடியதே. இதை ஆராய்ச்சியாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒற்றையடிப் பாதையில் புல் முளைப்பதில்லை என்பதை வயலில் வேலை செய்கிறவர் எல்லோரும் அறிவார்கள். பலர் மிதிக்க மிதிக்க மண் இறுகுகிறது. மழை நீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடுகிறது. வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. பாதையில் சேறு கண்டவர் ஓரத்தில் ஒதுங்கி நடப்பார். மறுநாள் ஓரமும் சேறாகும். இரண்டடிப் பாதை இப்படியே பத்தடிப் பாதையாகிவிடும். ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டையிடுகிறது. மனிதனோ நாயோ கிட்டே போனால் அது தலைக்கு மேல் வட்டமிட்டுக் கதறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஓயாமல் ஆள் நடமாடினால் அது குஞ்சு பொரிப்பது எப்படி? நாம் எறியும் பிளாஸ்டிக் பை மானின் வயிற்றில் போய் அடைத்துக்கொள்கிறது.

கதவைப் பூட்டு என்று சொல்பவர்கள் இவ்வளவையும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் சென்னையின் சரித்திரம் வேறொன்றையும் காட்டுகிறது.

பூங்காவை விழுங்கியது யார்?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகில் ஒரு காலத்தில் "மக்கள் பூங்கா" என்றே பெயர் கொண்ட பூங்கா இருந்தது. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1859-ல் அதற்கு யோசனை பிறந்தது. 116 ஏக்கர் பரப்பு; 11 குளங்கள்! அது எங்கே போயிற்று? நடந்தவர்களின் காலில் தேய்ந்தா போயிற்று? இல்லை. விக்டோரியா மண்டபம் எழுந்தது. மூர் மார்க்கெட் எழுந்தது. நகர சபையின் ரிப்பன் மாளிகையே அந்தப் பூங்கா நிலத்தில் எழுந்தது. பிறகு ஸ்டேடியம் வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நல்ல காரணம் சொல்லப்பட்டது. முடிவில் மக்கள் பூங்கா பெயரளவில்தான் மிஞ்சியது.

பந்தய மைதானத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கிண்டிக் காட்டைப் பாருங்கள். 1910-ல் அது சுமார் 505 ஹெக்டேர் ரிசர்வ் காடு. கல்வி நிலையத்துக்கென்று ஒரு துண்டு, நினைவாலயங்களுக்கென்று ஒரு துண்டு என்று வெட்டிக் கொடுத்த பிறகு, 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது சுமார் 270 ஹெக்டேரே மிச்சம். ஏறக்குறையப் பாதிக் காடு போய்விட்டது! வெளிமானும் புள்ளிமானும் இந்த மிச்சத்தில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பாதிக் காட்டைத் தின்றது நடக்க வந்த ஏழையல்ல. மேலிடத்து உத்தரவும் சிமெண்டும்தான்.

ஆகவே, இயற்கையைக் காப்பதாகச் சொல்லி ஏழைக்குக் கதவடைத்துவிட்டு, கட்டடத்துக்குப் பின்கதவைத் திறந்து வைப்பதை நாம் ஒப்ப முடியாது. அதேபோல, ஜனங்களுக்குப் பாதை போடுவதாகச் சொல்லி ஏக்கர் கணக்கில் கான்கிரீட் கொட்டிக் காண்டிராக்டர் பையை நிரப்புவதையும் ஒப்ப முடியாது. கான்கிரீட் பாதையில் நீர் இறங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கிய நாட்களை யார் மறப்பார்கள்? மாடியில் இருந்தவன் மாடியிலேயே இருந்தான். குடிசையில் இருந்தவனின் பாயும் பானையும் அல்லவா மிதந்து போயின! கிண்டியின் வெறும் மண் குடிக்கிற ஒவ்வொரு குடம் மழையும் ஏழையின் வாசலுக்கு வராத வெள்ளம்.

மில் தொழிலாளர் காட்டிய வழி

இந்தச் சிக்கலை நம் வர்க்கம் முன்பே சந்தித்திருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலைப் புகைக்கு அருகிலேயே கிண்டர் ஸ்கௌட் என்ற மலைச் சமவெளி இருக்கிறது. பிரபுக்கள் காட்டுக் கோழி சுடுவதற்காக அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ல், பென்னி ராத்மன் என்ற 20 வயது கம்யூனிஸ்டு வாலிபரின் தலைமையில் சுமார் 400 பேர், பெரும்பாலும் இளம் தொழிலாளர்கள், காவலாட்களை மீறி அந்த மலையில் ஏறினார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை! நடந்ததற்குச் சிறை! ஆனால் அந்த நடை வீண் போகவில்லை. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் அந்தப் பிரதேசமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1965-ல் அவ்வழியே நெடுந்தூர நடைபாதையும் திறக்கப்பட்டது.

பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியமான பாடம். நடக்க வந்தவர்கள் பெருகினார்கள். மிருதுவான கரிமண் காலடியில் அரித்துச் சேறாயிற்று. பாதை அகன்றுகொண்டே போயிற்று. மலையை மறுபடி பூட்டிவிட்டார்களா? இல்லை. கண்டபடி நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்களா? அதுவும் இல்லை. மூடிக் கிடந்த பஞ்சாலைகளின் தரையிலிருந்து பலகைக் கற்களைப் பெயர்த்தெடுத்து, சேற்றின் மேல் ஒரு குறுகிய பாதையாக வரிசையாய்ப் பதித்தார்கள். கால்கள் கல்லில் நடந்தன; இரு பக்கமும் புல் மீண்டும் தலையெடுத்தது. பாட்டன் நின்று நூல் நூற்ற கல்லின் மேல் பேரன் காற்று வாங்க நடக்கிறான்! உரிமையைப் போராடிப் பெற்றவர்கள் அதற்கு ஓர் ஒழுங்கையும் ஏற்றுக்கொண்டார்கள்.

நமது கோரிக்கைகள்

கிண்டியில் வரும் பூங்காவுக்கும், நம் நகரங்களில் உள்ள எல்லாப் பூங்காக்களுக்கும் நாம் முன்வைப்பது இதுதான்:

1. பூங்கா என்று அறிவித்த நிலத்தில் ஓர் அடி கூட ஓட்டலுக்கோ, வியாபாரத்துக்கோ, புதிய கட்டடத்துக்கோ தரக் கூடாது.

2. நிலத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். வாசலை ஒட்டிக் குழந்தைகளும் முதியவர்களும் உட்கார, விளையாட ஒரு பகுதி. நடுவில் ஒரே ஒரு குறுகிய நடைபாதையோடு ஒரு பகுதி. அதற்கப்பால் குளமும் புதருமாக, யாரும் நுழையாத ஒரு பகுதி. "யாரும்" என்றால் மந்திரியின் விருந்தாளியும் சேர்த்துத்தான்.

3. பாதை மண் பாதையாகவோ, நீர் இறங்கும்படி இடைவெளி விட்டுப் பதித்த கல் பாதையாகவோ இருக்கட்டும். பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் உட்பாதையை மூடலாம். இரவு விளக்கு வாசல் பகுதியோடு நிற்கட்டும்.

4. நுழைய டிக்கெட் கூடாது. நாலு பேர் கொண்ட குடும்பம் பஸ்ஸுக்கும் கொடுத்து டிக்கெட்டுக்கும் கொடுத்தால் அன்றையக் கூலியில் என்ன மிஞ்சும்? ஷிப்டு வேலை செய்கிறவர்களும் வரும்படி விடியற்காலை முதல் இரவு வரை வாசல் பகுதி திறந்திருக்க வேண்டும்.

5. தோட்டக்காரர், காவலர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் காண்டிராக்ட் இல்லாத நிரந்தர ஊழியர்களாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் துப்புரவுப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் போராடியதையும், நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்ததையும் நாம் மறக்கவில்லை. உழைப்பாளியைத் துன்புறுத்தி வளர்க்கிற பூங்கா மக்கள் பூங்கா ஆகாது.

6. இவற்றை மேற்பார்வையிடும் கமிட்டியில் அதிகாரிகளோடு சுற்று வட்டாரக் குடியிருப்பு மக்களுக்கும், தொழிற்சங்கங்களுக்கும், பறவை, மரம் அறிந்தவர்களுக்கும் இடம் தர வேண்டும்.

தோழர்களே! சர்க்காரிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. நம்மிடமும் ஒரு கோரிக்கை உண்டு. பாதை இருக்கும் இடத்தில் பாதையிலேயே நடப்போம். குறுக்கு வழியில் புதரை மிதிக்க வேண்டாம். மானுக்கு பன் போடுவதும் பொட்டலக் காகிதத்தை எறிவதும் அன்பாகாது. பொதுச் சொத்தைக் காக்கிற கட்டுப்பாடு, போலீஸுக்குப் பயந்து வருவதல்ல. இது நம்முடையது என்ற உணர்விலிருந்து வருவது.

பறவைக்கும் தொழிலாளிக்கும் பகையில்லை. இருவருக்கும் நிழல் தருகிற மரத்தை வெட்ட வருகிறவனே பொது எதிரி. இந்த வாரமே உங்கள் சங்கக் கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பூங்காவையும் ஏரிக்கரையையும் பற்றிப் பேசுங்கள். எவ்வளவு நிலம் இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது, கதவு யாருக்குத் திறக்கிறது என்று விசாரித்துத் தீர்மானம் போடுங்கள். அடுத்த மக்கள் பூங்காவும் பெயரளவில் மிஞ்சிப் போகாமல் இப்போதே குரல் கொடுப்போம்!