மெலிவா? உழைப்பா?

செல்போன் மெல்லியதாக இருக்க வேண்டுமா? நெடுநாள் உழைக்க வேண்டுமா? இரண்டையும் ஒருங்கே கேட்டால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ஹாலந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரில் இருக்கிறது ஃபேர்போன் கம்பெனி. அதன் போனை வாங்கியவரே திருப்புளியால் கழற்றி, பழுதான பாகத்தை மாற்றிக்கொள்ளலாம். சில மாதிரிகளில் பேட்டரியை எடுக்கத் திருப்புளிகூட வேண்டாம், நகம் போதும்.

2021-ல் அக்கம்பெனியின் நான்காவது போன் வந்தது. கனம் 225 கிராம், தடிப்பு 10.5 மில்லிமீட்டர். "செங்கல் போல இருக்கிறதே!" என்பது சிலருடைய குறை. ஆனால் பெரிய கூக்குரல் வேறொன்றுக்காக எழுந்தது. ஹெட்போன் செருகும் துளையைக் காணோம்!

தண்ணீர் புகாமல் தடுக்கவும் தடிப்பைக் குறைக்கவும் துளையை எடுத்தோம் என்றது கம்பெனி. அதே வேளையில் கம்பியில்லாத ஹெட்போனையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் சும்மா இருப்பார்களா? நன்றாகப் பாடும் பழைய ஹெட்போனைக் குப்பையில் போடுவதா சிக்கனம் என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. மழையில் நனைந்து போன் கெட்டாலும் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருளைக் காப்பாற்ற இன்னொன்றைக் கழித்துக்கட்டுவது முறையல்ல.

ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய யூனியனின் விதி 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கிறது. நல்ல விதி. பாகம் கிடைத்தால் மட்டும் போதாது. அதன் விலையும் கட்டுப்படியாக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை, பணம் கொடுத்து வாங்குகிறவரையும் கேட்டு முடிவு செய்யட்டும்!