குழுப்படத்துக்குப் பிறகு

விக்கிபீடியாவுக்கு எழுத ஆள் சேர்க்கும் பயிலரங்குகளில் வருகைப் பதிவேடு நிரம்பிவிடுகிறது. சான்றிதழ், சமோசா, குழுப்படம் எல்லாம் உண்டு. மறுமாதம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்பவர்தான் குறைவு.

சந்தாலி மொழிக்குச் சிக்கல் இன்னும் அதிகம். ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து 2008இல்தான் யூனிகோடில் இடம்பிடித்தது; சந்தாலி விக்கிபீடியா 2018இல் வந்தது. ஆனால் அம்மொழி பேசுவோரில் பலர் பள்ளியில் கற்றது வங்க, ஒடியா அல்லது தேவநாகரி எழுத்து. பயிலரங்கின் பாதிப் பொழுது எழுத்தைப் பழகுவதிலும் விசைப்பலகையைத் தடவுவதிலும் போய்விடும். மிச்ச நேரத்தில் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கச் சொல்வது கொடுமை (மொழிபெயர்ப்பாளன் நானே சொல்கிறேன்). நாலைந்து பேரை வாரந்தோறும் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்த திருவிழாவை, பயிரைப் பற்றிச் சான்றோடு எழுதப் பழக்கலாம். குழுப்படத்தில் கூட்டம் தெரியாது, அவ்வளவுதான்.